முப்பது அங்குலம்

நீங்கள் அனுப்பிய படிவத்தில் பதில் எழுத விட்டிருக்கும் இடம் என் கட்டைவிரல் அகலம்தான் இருக்கிறது. ஆர்லோ பெர்க்டால் என்று பெயரை எழுதுவதற்குள் அது தீர்ந்துவிட்டது. ஆகவே தனித்தாள்களில் எழுதி இணைத்திருக்கிறேன். கட்டு தடிமனாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். எழுபத்தேழு வயதில் கண் சிறுத்துவிடுகிறது, எழுத்து பெருத்துவிடுகிறது.

நம் கெட்டில் ஃபோர்க் கல்லூரி மைதானத்தின் வாசலில் லாவெல் ஹேர்ஸ்டனுக்கு வெண்கலச் சிலை வைக்கப்போகிறீர்கள். நல்ல காரியம். இருபது வருஷம் தாமதம். ஆனால் வெண்கலம் அவசரப்படுகிற பொருள் இல்லை. ‘திரு. ஹேர்ஸ்டனின் நான்கு ஆண்டு ஆட்டத்தில் உங்கள் பங்கு என்ன?’ என்று படிவத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஊரில் பாதிப் பேர் ‘கைதட்டினேன்’ என்று எழுதியிருப்பார்கள். பல் டாக்டர் வென்டெல் க்ராஸ் இரண்டு பக்கம் எழுதிக் காப்பிக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினான். அதில் லாவெல் என்ற பெயர் மூன்று இடத்தில் வருகிறது, நான் எண்ணினேன். மற்ற இடமெல்லாம் வென்டெல்தான்.

என் பங்கு முப்பது அங்குலம். அதை விளக்கத்தான் இவ்வளவு தாள்.

உங்கள் குழுவில் சங்கீதத் துறைப் பேராசிரியை ஒருவர் இருப்பதாகக் கேள்வி. இடைவேளையில் பேண்டு வாசிப்பதற்காகக் கூட்டம் கூடுகிறது, முன்னும் பின்னும் சிலர் உருண்டு புரள்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். அவருக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதற்குக் கால்பந்து என்று பெயர். காலால் தொடுவது அபூர்வம். பந்தும் உருண்டை இல்லை, இரண்டு பக்கமும் மூக்கு நீண்டிருக்கும். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு முயற்சி. அதற்குள் பத்து கஜம் முன்னேறிவிட்டால் இன்னொரு நாலு முயற்சி கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிராளி கைக்குப் போய்விடும். லாவெல் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன். எதிரே பதினொரு பேர் அவனை மண்ணில் அழுத்துவதற்கென்றே மாட்டிறைச்சி தின்று வளர்க்கப்பட்டவர்கள்.

அந்தப் பத்து கஜத்தை அளப்பது எங்கள் வேலை. இரண்டு கம்பு, நடுவே பத்து கஜச் சங்கிலி. பின் கம்பு தீவனக் கடை லெராயிடம். முன் கம்பு லூதரன் சபைப் பாதிரியார் டோர்வாலிடம். ஓரக்கோட்டில் நின்றுகொண்டு பந்தோடு பந்தாக நகர்ந்துகொண்டே இருப்போம். கண்ணால் தீர்மானிக்க முடியாத அளவுக்குப் பந்து நெருக்கத்தில் விழுந்தால், நடுவர் கையை உயர்த்துவார். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவே போக வேண்டும். ஓரத்தில் இருந்த சங்கிலியை நடுவில் அதே இடத்தில் எப்படி வைப்பது? அங்கேதான் நான் வருகிறேன். ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். சங்கிலி அந்தக் கோட்டைக் கடக்கும் இடத்தில் நான் ஒரு கிளிப் மாட்டிவைப்பேன். நடுவே போனதும் கிளிப்பை அதே கோட்டில் அழுத்திப் பிடிப்பேன். இரண்டு பேரும் சங்கிலியை விறைப்பாக இழுப்பார்கள். முன் கம்பைப் பந்தின் மூக்கு தொட்டுவிட்டால் வெற்றி.

பெரிய தமாஷ் என்னவென்றால், ஆறு பேர் குவியலுக்கு அடியிலிருந்து பந்தை உருவி எடுத்து, நடுவர் குத்துமதிப்பாக ஓர் இடத்தில் வைப்பார். ஒரு முழம் இப்படியும் இருக்கும், அப்படியும் இருக்கும். அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பிறகு பதினான்காயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குத்துமதிப்பை நாங்கள் அங்குல சுத்தமாக அளப்பதைப் பார்ப்பார்கள். சங்கிலி சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. ஜனாதிபதியை நம்பாதவர்கள்கூட இந்த மாகாணத்தில் சங்கிலியை நம்புவார்கள். கூடவே ஒரு பாதிரியார் வேறு பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நான் முப்பத்தைந்து வருஷம் இந்த வட்டாரத்தின் சர்வேயர். எந்த விவசாயியின் எல்லையையும் ஒரு நூல் அளவு நகர்த்தியதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லாவெல் 1984ல் மெம்ஃபிஸிலிருந்து வந்தான். அம்மா அங்கே டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் நாள் பயிற்சியில் பையன் மக்காச்சோளக் காட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்:

“சார், இந்த ஊர்ல பாக்க வேற என்ன இருக்கு?”

“அந்தப் பக்கம் சோயாபீன்ஸ் இருக்கு தம்பி.”

“அப்ப நான் ஓடிக்கிட்டே இருக்கறதுதான் நல்லது,” என்றான்.

ஓடவும் செய்தான். அவன் ஓடுவதை எப்படிச் சொல்வது? மற்றவர்கள் இடைவெளியைக் கண்டு ஓடுவார்கள். இவன் ஓடினான், இடைவெளி பிறகு வந்து சேர்ந்துகொண்டது. ஒருமுறை எதிரணிக்காரன் ஒருவன் இவனைப் பிடித்துவிட்டதாக நினைத்துத் தன் அணி ஆளையே கட்டிக்கொண்டு விழுந்து, அவனை எழவிடாமல் வைத்திருந்தான். நானே பார்த்தேன். வென்டெல்கூட எழுந்து நின்றான்.

வென்டெலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவனும் நானும் 1952ல் ஒரே அணி. அவன் பந்தோடு ஓடுகிறவன். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவன் மேலங்கியை மடியில் வைத்துக்கொள்கிறவன். அவன் நான்கு வருஷத்தில் 3,112 கஜம் ஓடினான், கல்லூரிச் சாதனை. அன்றிலிருந்து வருஷாவருஷம் பழைய மாணவர் ஊர்வலத்தில் திறந்த காரில் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டு வருவான். எங்கள் சங்கிலிக் குழு, மரபுப்படி, அந்தக் காருக்குப் பின்னால் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கார் பழையது. புகை எங்களுக்கு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எந்த வரிசையில் ஊர்வலம் போகும் என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

முதல் கண்ணி தவறுதலாக நகர்ந்தது. அந்தச் சங்கிலி பழைய கொல்லன் வேலை. ஒவ்வொரு கண்ணியும் மூன்று அங்குலம். லாவெலின் மூன்றாவது ஆட்டம். மழை. நான் சேற்றில் வழுக்கி விழுந்தேன், கிளிப் கழன்று கையோடு வந்துவிட்டது. திரும்ப மாட்டும்போது ஒரு கண்ணி தள்ளி மாட்டிவிட்டேன், முன் கம்பின் பக்கமாக. கிளிப் அந்தப் பக்கம் ஒரு கண்ணி போனால் முன் கம்பு இந்தப் பக்கம் ஒரு கண்ணி வந்துவிடும். கம்பு பந்தின் மூக்கில் வந்து நின்றது. நடுவர் கையை நீட்டினார். பதினான்காயிரம் பேர் எழுந்து கத்தினார்கள்.

அந்தச் சத்தத்தை மண்டியிட்ட நிலையில் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் முழங்காலுக்குத்தான் கேட்கும். தரை அதிரும். பெஞ்சில் இருந்த காலத்தில் எனக்குத் தெரியாது.

இரண்டாவது கண்ணி தவறுதலாக நகரவில்லை.

அதற்காக நான் அடிக்கடி செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு வருஷத்தில் மொத்தம் ஒன்பது தடவை. நம் மைதானத்தில் மட்டும். வெளியூரில் வேறு யாரோ அளப்பார்கள், அவர்கள் யோக்கியதை எனக்குத் தெரியாது. ‘ஹேர்ஸ்டன் சொந்த ஊர்ச் சாப்பாட்டில்தான் நன்றாக ஓடுகிறான்’ என்று நம் பத்திரிகை எழுதியது. எங்கள் சபைப் பெண்கள் அதைப் படித்துவிட்டு அவனுக்கு உருளைக்கிழங்கு கேசரோலாக அனுப்பித் தள்ளினார்கள்.

அளவு முடிந்து திரும்பும்போது பாதிரியார் ஒவ்வொரு தடவையும் சொல்வார்: “பாத்தியா ஆர்லோ, ஆண்டவர் சரியா அளந்துட்டார்.”

“ஆமா பாஸ்டர், அவர் கை சுத்தம்,” என்பேன்.

ஒரு தடவை எதிரணி கோச் ஒருவர், அப்படி ஒரு அளவினால் ஆட்டம் போய், ஆட்டத்தோடு வேலையும் போய், வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து அழுதார் என்று லெராய் வந்து சொன்னான். விசாரித்தேன். பிறகு இன்ஷூரன்ஸ் விற்கப் போய் நன்றாகச் சம்பாதித்தாராம். எனக்கு நன்றி சொல்ல அவருக்கு வழியில்லை, பாவம்.

யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஓடுகிறவனுக்குத் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. தான் எங்கே விழுந்தோம் என்பது அவனுக்கு உடம்பிலேயே தெரிந்துவிடுகிறது. இரண்டாம் வருஷம் ஓர் ஆட்டத்தின் நடுவே, தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்தவன் என் பக்கம் குனிந்தான்.

“சார், அந்தக் கிளிப்புக்குக் கால் முளைச்சிருக்கா?”

“வயசான கை தம்பி. குளிருக்குக் கொஞ்சம் நடுங்கும்.”

“எப்பவும் ஒரே பக்கமா நடுங்குதே!”

“நல்ல பழக்கம் உள்ள கை.”

சிரித்துக்கொண்டே போனான். பத்தொன்பது வயது. அவனுக்கும் சத்தம் பிடித்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை, இரண்டு வருஷம்.

இதற்கிடையில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கோச் ஹட்சல் நல்ல மனிதர். ஆனால் அவருடைய புத்தியில் ஒரு சமயத்தில் ஒரு யோசனைதான் தங்கும். சங்கிலி வந்தால் லாவெல் ஜெயிக்கிறான் என்பதை அவர் கவனித்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு கஜம் வேண்டுமா, லாவெலிடம் கொடு. ஒரு கஜமா, லாவெலிடம் கொடு. பந்து வீசத் தெரிந்த பையன் ஒருவன் அணியில் இருந்தான், அவனுக்குக் கை சேதமடையாமலே பட்டம் கிடைத்தது. ஓர் ஆட்டத்தில் முப்பத்தெட்டு தடவை லாவெலைக் குவியலுக்குள் அனுப்பினார். முப்பத்தெட்டு தடவை ஒரு டன் மனிதர்கள் அவன் மேல் விழுந்தார்கள். கடைசி வருஷம் அக்டோபரில் அவன் நூலகப் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்குவதைப் பார்த்தேன், நண்டு மாதிரி. கேட்டதற்கு, புது நடனம் என்றான்.

அதே அக்டோபரில் தொழில்முறை அணியிலிருந்து இரண்டு பேர் தொப்பியும் நோட்டுப் புத்தகமுமாக வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊரே அவர்களைப் பார்த்துவிட்டுப் போனது.

கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை மத்தியானம், லாவெல் என் வீட்டுக்கு வந்தான். சங்கிலி என் கார் ஷெட்டில்தான் இருக்கும். நான் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுவது கஷ்டம் என்றான்.

“சார், ஒரு உதவி வேணும்.”

“கேளு.”

“சனிக்கிழமை சங்கிலி வந்தா, சரியா அளங்க.”

நான் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தேன்.

“அவ்வளவுதான் சார். வேற ஒண்ணும் செய்ய வேணாம். உள்ளதை உள்ளபடி அளங்க.”

விவரமாகச் சொன்னான். வலது முழங்காலில் நீர் கோத்திருக்கிறது. உள்ளே ஏதோ நூல் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். இன்னொரு அடி சரியாக விழுந்தால் போய்விடும். மூன்று மாதம் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். தொப்பிக்காரர்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். ‘முழங்காலைப் பத்திரமாகக் கொண்டுவா, வசந்தத்தில் எடுத்துக்கொள்கிறோம், உன் கல்லூரிச் சாதனை எங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா அடுத்த வருஷத்தோடு பஸ்ஸை நிறுத்திவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறாராம்.

“கோச்சுகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். ‘முதல் தடவை உன்னை நிறுத்திட்டாங்கன்னா, அதோட உன்னை உட்கார வெச்சிடறேன், அது வரைக்கும் ஓடு’ன்னாரு. அவரைப் பொறுத்த வரைக்கும் அது பெரிய சலுகை.”

“நானே வெளிய வர்றேன்னு சொல்லிடு.”

“எந்த ஊர்ல இருந்துக்கிட்டு சார் பேசறீங்க? 1979ல ஒருத்தன் தானா வெளிய வந்தானாமே. அவன் இங்கதான் பேங்க்ல இருக்கான். முடிவெட்டப் போறப்பெல்லாம் கடைக்காரர் இன்னும் ‘வலிக்குதா கண்ணு, நிறுத்திடவா’ங்கறாராம்.”

அது உண்மைதான். நானும் அந்தக் கடையில்தான் முடிவெட்டிக்கொள்கிறேன். நானும் சிரித்திருக்கிறேன்.

“நாலாவது முயற்சில வேணும்னே கம்பு எட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே விழுந்துடறேன் சார். பாக்கறவங்களுக்குப் போராடின மாதிரிதான் தெரியும். கம்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், ஒரு சாண்கூட இடைவெளி இருக்காது. சங்கிலி வரும். எட்டலைன்னு அது சொல்லிடும். சங்கிலி சொன்னா யாரும் எதுவும் பேச மாட்டாங்க. நீங்க மட்டும் எனக்கு உதவி செஞ்சுடாதீங்க.”

“சாதனை என்ன ஆறது? இன்னும் நூத்துப் பதிமூணு கஜம்தானே தம்பி.”

“அந்தப் பல் டாக்டர் ஆயுசு பூரா கையாட்டிக்கிட்டே போகட்டுமே சார். எனக்கென்ன வந்தது?”

நான் “சரி” என்றேன். கைகொடுத்தான். என் கை எண்ணெயாக இருந்தது, அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

அந்த ‘ஆயுசு பூரா’ வாக்கியத்தைப் பற்றி வெள்ளிக்கிழமை முழுவதும் யோசித்தேன். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு ஆயுள் பூரா என்றால் எவ்வளவு நீளம் என்று தெரியாது. எனக்குத் தெரியும். நான் பின்னால் நடந்து அளந்திருக்கிறேன்.

சனிக்கிழமை நல்ல வெயில், சுள்ளென்ற குளிர். மூன்றாம் பகுதியிலேயே நாம் இருபத்தைந்து புள்ளி முன்னால் இருந்தோம். ஆட்டத்தில் மிச்சம் எதுவும் இல்லை; சாதனைக்கு மட்டும் ஒன்பது கஜம் மிச்சம். ஒலிபெருக்கிக்காரர் ஓட்டத்துக்கு ஓட்டம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது முயற்சி, இரண்டு கஜம் வேண்டும். கோச் லாவெலிடம் கொடுத்தார். லாவெல் ஓடி, முட்டி, இழுத்துக்கொண்டு போய், விழுந்தான். பிரமாதமாக விழுந்தான். அவன் போராடவில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது. நடுவர் கையை உயர்த்தினார்.

சங்கிலியைத் தூக்கிக்கொண்டு நடுவே போனோம். லாவெல் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான், வேலை முடிந்த இரண்டு பேர் தலையாட்டிக்கொள்வார்களே, அப்படி. நான் கோட்டருகே மண்டியிட்டேன். எதிரே முதல் வரிசையில் வென்டெல், மடியில் கம்பளி, கையில் சோளப்பொரி. எட்டாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கண் அந்தக் காலத்திலேயே கூர்மை. பொரியை மென்றுகொண்டே சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துக் கையை லேசாக ஆட்டினான். பழக்கதோஷம்.

கண்ணாலேயே அளந்தேன். ஐந்து அங்குலம் குறைவு. ஒரு கண்ணி போதாது.

இரண்டு நகர்த்தினேன்.

பாதிரியார் கம்பை ஊன்றினார், பந்தின் மூக்குக்கு ஓர் அங்குலம் இந்தப் பக்கம். நடுவர் கையை நீட்டினார். தரை அதிர்ந்தது. நான் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நிமிர்ந்தபோது லாவெல் மட்டும் கையைத் தூக்காமல் நின்றான். கம்பைப் பார்த்தான். பிறகு கிளிப்பைப் பார்த்தான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

“ஆண்டவர் அவனைக் கைவிட மாட்டார்,” என்றார் பாதிரியார், திரும்பி வரும்போது.

அடுத்த ஓட்டம் பதினாலு கஜம். அவன் வாழ்க்கையிலேயே அழகான ஓட்டம் என்பேன். உங்கள் சிற்பி அதைத்தான் பார்த்து வரைந்திருக்கிறார் என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. ஏழாவது கஜத்தில் சாதனை போனது. பதிமூன்றாவது கஜத்தில் ஒருவன் தலைக்கவசத்தோடு வந்து, சரியாகக் கட்டுப் போட்டிருந்த இடத்தில் விழுந்தான். பிரார்த்தனை நடக்கையில் யாரோ பாட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடியது மாதிரி இருந்தது என்று பாதிரியார் பிறகு சொன்னார். விழுந்தும் ஒரு கஜம் போனான், அதையும் சேர்த்துக்கொண்டார்கள். 3,120.

ஒலிபெருக்கியில் எண்ணைச் சொன்னார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவன் எழுந்திருக்கவில்லை என்பதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஸ்ட்ரெச்சர் எங்கள் பக்கமாகத்தான் போனது. என்னருகே வந்தபோது அவன் கையைத் தூக்கினான், சுமந்தவர்கள் நின்றார்கள்.

“எத்தனை கண்ணி சார்?”

“ரெண்டு,” என்றேன்.

அளவு விஷயத்தில் கேட்டவரிடம் நான் பொய் சொன்னதில்லை.

மூன்று தடவை அறுத்தார்கள். வசந்தத்தில் தொப்பிக்காரர்கள் வேறு பையனை எடுத்துக்கொண்டார்கள். அவன் சுமாராகத்தான் ஆடினான். லாவெல் மெம்ஃபிஸுக்குத் திரும்பி, அம்மா வேலை பார்த்த அதே டெப்போவில், எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லும் மேஜையில் உட்கார்ந்திருக்கிறான். நிற்கிற வேலை இல்லை என்பது நல்லது. அம்மா இன்னும் பதினோரு வருஷம் ஓட்டினார். நல்ல ஆரோக்கியம் அந்த அம்மாளுக்கு.

அடுத்த வருஷ ஊர்வலத்துக்கு அவன் வர முடியவில்லை. சாதனைக்காரர் உட்கார வேண்டிய கார் காலியாகப் போனால் நன்றாக இருக்காது. அவன் சார்பில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு யாராவது உட்கார வேண்டும் என்றார்கள். நான்கு வருஷமும் மைதானத்தில் அவனுக்கு மிக அருகில் இருந்தவன் என்ற முறையில் நான் உட்கார்ந்தேன். அவன் வராததால் அதற்கடுத்த வருஷமும். இப்போது பத்தொன்பது வருஷம் ஆகிறது. கை வலிக்கத்தான் செய்கிறது. வென்டெல் நடைபாதையில் நின்று பார்ப்பான். அவனுக்கும் நான் கையாட்டுவேன். எனக்கு மனதில் ஒன்றுமில்லை.

ஆக, என் பங்கு இதுதான். எட்டுத் தடவை ஒவ்வொரு கண்ணி, ஒரு தடவை இரண்டு. பத்து கண்ணி, முப்பது அங்குலம். ஒரு கஜம்கூட முழுதாக இல்லை. அவன் ஓடிய 3,120 கஜமும் அவனுடையது. அதில் ஓர் அங்குலத்தைக்கூட நான் உரிமை கொண்டாட மாட்டேன். ஆனால் கடைசிப் பதினாலு கஜம் அவன் ஓடவே மாட்டேன் என்று சொன்னது. நான்தான் ஓடவைத்தேன். அவன் கேட்டது நேர்மையான ஓர் அளவு. அதைக் கொடுத்திருந்தால் அவன் தொழில்முறையில் நாலைந்து வருஷம் ஆடி, பெரிய வீடு கட்டி, நம்மை மறந்திருப்பான். சாதனை வென்டெலிடமே இருந்திருக்கும். வாசலில் வென்டெலுக்குச் சிலை வைத்துக்கொண்டிருப்பீர்கள். யோசித்துப் பாருங்கள்.

பீடத்தில் என் பெயர் வேண்டும் என்று கேட்கவில்லை. அடியில் இடம் மிஞ்சினால், சின்ன எழுத்தில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடைசியாக ஒரு விஷயம். சிலை திறப்புக்கு வர லாவெல் சம்மதித்துவிட்டான் என்று உங்கள் கடிதத்தில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனுக்குக் கடிதம் போடுகிறேன். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை; எல்லாம் சேர்கின்றன என்றுதான் அர்த்தம். பதில் எழுதாதது அவன் கூச்சம். இந்த ஊரில் ஒரு குறிப்பிட்ட ஆள் மட்டும் அன்று மைதானத்துக்குள் இருக்கக் கூடாது, அந்த ஒரு நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டால் வருகிறேன் என்று அவன் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மரியாதை கருதிப் பெயரைக் குறிப்பிடவில்லை. உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. இதற்காக நீங்கள் யாரும் சிரமப்பட வேண்டாம். வென்டெலும் நானும் அறுபது வருஷப் பழக்கம், அவன் மனம் நோகாதபடி நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.